எல்லா பெல்ட்டும் ஒன்றல்ல

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் பெல்ட்டுக்குப் பஞ்சமே கிடையாது. கிரேனில் மாட்டுவது, டிரெய்லரில் சுமையை இறுக்குவது, பிய்ந்துபோய் மூலையில் கிடப்பது என்று எங்கு திரும்பினாலும் பெல்ட்தான். மழைக்காலத்தில் ஒரு மினி லாரி சேற்றில் இறங்கிவிட்டால், பக்கத்துக் கடையிலிருந்து ஒன்று வந்துவிடும். உதவும் மனசுக்குக் குறைவில்லை. எந்த பெல்ட் எதற்கு என்பதில்தான் கோளாறு.

"கிரேன் பெல்ட் டன் கணக்கில் தூக்குது, ஒரு வண்டியை இழுக்காதா?"

இழுக்கும், மெதுவாகச் சீராக இழுத்தால். தூக்கும் பெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டரில் நெய்தது. அதிகம் நீளாமல் இருப்பதே அதன் நல்ல குணம். தொங்கும் இரும்பு மேலும் கீழும் ஆடக் கூடாது அல்லவா? அதே குணம் சேற்றில் கெடுதல். முன்வண்டி வெடுக்கென்று கிளம்பினால் அந்த அதிர்ச்சியை பெல்ட் வாங்கிக்கொள்ளாது. கொக்கிக்கும் சேஸுக்கும் அப்படியே தள்ளிவிடும்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. சேற்றில் இழுபட்ட பெல்ட் மறுநாள் கிரேனுக்கே திரும்பிப் போகிறது. இழைகளுக்குள் புகுந்த மணல் உள்ளுக்குள்ளேயே அறுக்கும், வெளியே தெரியாது. கம்பிக்கட்டு தலைக்கு மேல் போகும்போது கீழே நிற்பவர் தினக்கூலிக்காரர். என்னைக் கேட்டால், வண்டி இழுத்த பெல்ட்டை மறுபடி கிரேனில் மாட்டவே கூடாது.

"பெரிய நம்பர் போட்டதுதான் பலமான பெல்ட்."

பச்சை நிறத் தூக்கு பெல்ட்டில் 2 டன் என்றிருக்கும். அது வேலைக்கு அனுமதித்த எடை. அறுவதற்கு அதைப்போல 7 மடங்கு, அதாவது 14 டன் வேண்டும் என்ற கணக்கில் அதைச் செய்கிறார்கள். சிக்கிய வண்டியை இழுக்கவே செய்த, நீளும் ரெக்கவரி ஸ்ட்ராப்பில் 8 டன் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அறுந்துபோகும் எடை. ஆக 8 டன்னைவிட 2 டன் பலசாலி! எண்ணைப் படிக்கும் முன் அது எந்தக் கணக்கு என்று படிக்க வேண்டும். லேபிளே இல்லாத பெல்ட்டா? பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ரெக்கவரி ஸ்ட்ராப்புக்குக் கட்டாயத் தர விதியே உண்டு. வண்டியின் மொத்த எடையைப்போல 2 முதல் 3 மடங்கு அறும் வலிமை என்பது அங்கே சொல்லும் அளவு. இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 2 டன் வண்டிக்கு 4 முதல் 6 டன். அதற்கு மேல் தடித்ததை வாங்கினால் அது நீளாது. நீளாவிட்டால் அதை வாங்கியதில் பயனில்லை.

"கொஞ்சம் ஸ்லாக் விட்டு வேகமா வந்து இழு, வந்துரும்."

இந்த வித்தை நைலானில் நெய்த, நீண்டு சுருங்கும் ஸ்ட்ராப்புக்கு மட்டும் உரியது. அதிலும் வேகம்தான் எமன். 2 டன் வண்டி 10 கி.மீ. வேகத்தில் கொண்டிருக்கும் ஆற்றலால் 100 கிலோ மூட்டையை 8 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். 20 கி.மீ. ஆனால் 16 மீட்டர் என்று நினைக்காதீர்கள். 30 மீட்டரைத் தாண்டும். அவ்வளவும் ஒரு கொக்கியில் வந்து இறங்குகிறது. நைலான் நனைந்தால் வலிமை குறையும் என்பதும் நம் ஊர் மழைக்குப் பொருந்தும் சேதி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் பரவியதுபோல எண்ணெய்ப் படலம் பட்ட பெல்ட் என்றால் கழுவிக் காயவைத்த பிறகே வெட்டுக்காயம் கண்ணுக்குப் படும்.

பெரும்பாலும் முதலில் போவது பெல்ட் அல்ல, மாட்டிய இடம். பம்பரில் மாட்டுவார்கள், டிரெய்லர் இணைக்கும் உருண்டையில் மாட்டுவார்கள். அந்த உருண்டை முறிந்து பறந்து ஆள் செத்த கதைகள் வெளிநாடுகளில் உண்டு. பல கார்களின் அடியில் வளையங்கள் இருக்கும். காமராஜர் துறைமுகத்தில் ஏற்றுமதிக் காரைக் கப்பல் தளத்தோடு கட்டுவது அவற்றில்தான், இழுக்க அல்ல. டூல் கிட்டில் வரும் திருகு வளையமும் சாலையில் நேராக இழுக்கத்தான், சேற்றிலிருந்து வெடுக்கென்று பிடுங்க அல்ல. நீளம் போதாவிட்டால் இரண்டு ஸ்ட்ராப்பை நடுவில் டி-ஷாக்கிள் போட்டு இணைக்காதீர்கள். அறுந்தால் அந்த இரும்பு குண்டுபோல் வரும். முடிச்சும் வேண்டாம், வலிமை பாதியாகலாம்.

ஒயர் ரோப் மட்டும் பத்திரமா? அதுவும் அறும், அறுந்தால் சாட்டையாகச் சுழலும். எதுவானாலும் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பெல்ட் நீளத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். 9 மீட்டர் பெல்ட்டுக்கு 14 மீட்டர். சொன்னால் யாரும் நகர மாட்டார்கள். நகரும்வரை ஓட்டுநர் கிளப்பக் கூடாது.

வண்டி மேலே வந்தபின் மெக்கானிக் ஷெட் வரை கட்டி இழுப்பது வேறு வேலை. 1989 சாலை விதிகள் இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் கூடாது, வேகம் 24 கி.மீ. தாண்டக் கூடாது என்றன. இன்ஜின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். பின்வண்டியில் உட்கார்பவர் அதைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கன்டெய்னர் லாரியில் நிலைமை தலைகீழ். ஏர் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். எந்த பெல்ட்டும் அசைக்காது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டோ பாரை மாட்டிவிட்டு, அதன்பிறகு முன்வண்டியிலிருந்து ஏர் ஏற்றியோ பிரேக் சேம்பர் போல்ட்டைத் திருகியோ பிரேக்கை விடுவிப்பதுதான் முறை.