அழுது எழுதினால் சீட்டு வராது

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களில் டிகிரி முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்தால் இப்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "சார், நம்ம கஷ்டத்தை நல்லா உருக்கமா கட்டுரை எழுதி அனுப்பினா ஐ.ஐ.எம்.ல எம்.பி.ஏ. சீட்டு கொடுத்துடுவாங்களாமே?" கோட்டைக்குப்பத்தில் கேட்டாயிற்று, ஆண்டிக்குப்பத்தில் கேட்டாயிற்று, பொன்னேரி பஸ்ஸிலும் கேட்டாயிற்று. அப்படிச் சீட்டு வாங்கியவர் யார் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் ஒருவருக்கும் பேர் தெரியாது. வணிகவியல் பாடம் நடத்திக்கொண்டே பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் திருத்திக் கொடுப்பவன் நான். பொறுமை தீர்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: கஷ்டத்தை உருக்கமாக எழுதினால் சீட்டு நிச்சயம்.

உண்மை: ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுப் படிப்புக்கு முதல் வாசல் கேட் (CAT) தேர்வு. சில ஆண்டுகளாக நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. இரண்டு மணி நேரம், மூன்று பகுதிகள்: ஆங்கில வாசிப்பு, தரவும் தர்க்கமும், கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் விடை தப்பானால் ஒரு மதிப்பெண் கழியும். இந்த மதிப்பெண்ணோடு பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், வேலை அனுபவம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் நேர்முகத்துக்கு அழைப்பார்கள். சில ஐ.ஐ.எம்.களில் எழுத்துச் சோதனையும் உண்டு. அது அவர்கள் கொடுத்த தலைப்பில், அவர்கள் கொடுத்த நேரத்துக்குள் எழுதுவது. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன கண்ணீரை அங்கே யாரும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை.

கட்டுரை கேட்கும் மேலாண்மைப் பள்ளிகளே இல்லையா என்றால், உண்டு. ஐதராபாத்தின் ஐ.எஸ்.பி. கேட்கிறது. ஆனால் அதன் முதன்மையான ஓராண்டுப் படிப்புக்குக் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். வெளிநாட்டில் ஸ்டான்ஃபோர்டு, உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன் என்று கேட்கிறது. ஹார்வர்டு 2024-இல் தன் பழைய ஒற்றைக் கட்டுரையைக் கைவிட்டு மூன்று சிறு கட்டுரைகளுக்கு மாறியது. 250, 300 சொற்களுக்குள், நீ எடுத்த முடிவு என்ன, யாரை எப்படி வழிநடத்தினாய், எதைத் தேடிக் கற்றாய் என்று கேட்கிறார்கள். நீ எவ்வளவு பட்டாய் என்று இவற்றில் ஒரு கேள்வியும் இல்லை.

என் மேசைக்கு வந்த ஒரு வரைவைச் சொல்கிறேன். முதல் வரியிலேயே பேரலை குடிசையை விழுங்குகிறது, எழுதிய தம்பி அதைக் கண்ணால் பார்க்கிறார். அதே விண்ணப்பத்தில் பிறந்த தேதி 2004 மார்ச். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. ஒன்பது மாதக் குழந்தை கண்ணால் கண்டதாம்! நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கையிலும் அதே தாள்தான் இருக்கும். காசு கொடுத்து வேறொருவரிடம் எழுதி வாங்கியது அது. இது என் சொந்த எழுத்து என்று கீழே உறுதிமொழி கொடுப்பது மட்டும் தம்பி.

கட்டுரையை மூடி வைத்துவிட்டு, வீட்டில் உன் வேலை என்ன என்று கேட்டேன். அப்பாவின் நண்டுக் கணக்கைப் போனில் எழுதி வைப்பதாகச் சொன்னார். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பதால் நண்டை அவருக்கே போட வேண்டும், அவர் ஏல விலையைவிடக் குறைத்துத்தான் எடுப்பார். அந்தக் குறைவைத் தம்பி நாள்தோறும் குறித்து வைத்திருந்தார். கணக்கு எப்படிப் போகும் என்று ஒரு பேச்சுக்குப் பாருங்கள். முன்பணம் 50,000 ரூபாய், வட்டி கிடையாது. கிலோவுக்கு 40 ரூபாய் குறைவு. நாளைக்கு ஐந்து கிலோ, மாதத்துக்கு இருபது நாள். மாதம் 4,000, வருடத்துக்கு 48,000 ரூபாய் போய்விடுகிறது. அசல் 50,000 அப்படியே நிற்கிறது. வட்டியில்லாக் கடனின் லட்சணம் இது! இதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் எடுத்துச் சொன்ன பிள்ளைக்கு எழுத விஷயமா பஞ்சம்?

இன்னொன்று, பாடு முறை. எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துத் தீர்மானிக்கிற ஊர்கள் இவை. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றி வரும். பழவேற்காட்டின் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991-லேயே ஆய்வு வெளியிட்டது. பொதுச்சொத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினோர் ஓஸ்ட்ரோம் 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர். உலகம் பாடப்புத்தகத்தில் படிக்கிற விஷயம் உங்கள் ஊர்க்கூட்டத்தில் நடக்கிறது, நீங்களோ சுனாமியைக் கடன் வாங்கி எழுதுகிறீர்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாட்டைப் புகழ்ந்து மட்டும் எழுதாதீர்கள். பெண்களுக்கு அதில் பங்கு உண்டா, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு என்ன இடம் என்று நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள். பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சில்லறை வதந்திகள். வேகமாக முடித்துவிடுகிறேன்.

நம்பிக்கை: எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது, அது போதும்.

உண்மை: போதாது. எம்.பி.சி. என்பது தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். ஐ.ஐ.எம்.மில் செல்லுவது மத்திய அரசுப் படிவத்தில் வாங்கிய, கிரீமி லேயர் அல்லாதோருக்கான ஓ.பி.சி. சான்றிதழ். மீனவர், பட்டினவர், செம்படவர் எல்லாம் மத்தியப் பட்டியலிலும் உண்டு, 27 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இருளர்கள் பழங்குடியினர், அவர்களுக்கான 7.5 சதவீதம் தனி. ஒதுக்கீட்டை வாங்கித் தருவது தாலுகா ஆபீஸ் தாள்தான்.

நம்பிக்கை: என்ஜினீயரிங் படித்தவர்களுக்குத்தான் எம்.பி.ஏ.

உண்மை: எந்தப் பட்டமானாலும் 50 சதவீத மதிப்பெண் இருந்தால் கேட் எழுதலாம். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45. பொன்னேரி அரசுக் கல்லூரி பி.காம். தாராளமாகச் செல்லும்.

நம்பிக்கை: இங்கிலீஷ் கடினமாக இருந்தால்தான் மதிப்பு.

உண்மை: அகராதியிலிருந்து பொறுக்கிய சொற்களை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். முதலில் தமிழில் எழுதுங்கள். விஷயம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எளிய ஆங்கிலத்துக்குப் போங்கள்.

நம்பிக்கை: பணம் இல்லாதவன் கனவு காணக் கூடாது.

உண்மை: பழைய ஐ.ஐ.எம்.களில் கட்டணம் 20 லட்சத்துக்கு மேல்தான். ஆனால் அந்தச் சேர்க்கைக் கடிதத்துக்கு வங்கிகள் பிணையில்லாமல் கடன் கொடுக்கின்றன. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதினால் இங்கேயே குறைந்த செலவில் படிக்கலாம். பேர் தெரியாத கல்லூரியில் நகையை அடகு வைத்துச் சேருவதுதான் உண்மையான ஆபத்து.

கடைசியாக, என்னைக் கேட்டால் எம்.பி.ஏ.வைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பழவேற்காட்டில் வீட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு வேண்டும். பிடித்தது எவ்வளவு, ஏலத்தில் போன விலை என்ன, டீசலுக்கும் ஐஸுக்கும் ஆனது எவ்வளவு, வியாபாரி பிடித்தது எவ்வளவு, பக்கத்து ஏவுதளத்தில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாததால் நஷ்டம் எவ்வளவு. பள்ளியிலேயே எட்டாம் வகுப்பிலிருந்து இதைப் பழக்க வேண்டும் என்று எல்லா மேடையிலும் சொல்லி வருகிறேன். துறைமுகத்தாலோ முகத்துவாரம் தூர்வதாலோ வருமானம் குறைந்தது என்று அதிகாரியிடம் போய் நின்றாலும், அந்த நோட்டு இல்லாமல் உங்கள் பேச்சு எடுபடாது.

கேட் விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும். அதற்குள் மத்திய அரசுப் படிவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள், தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசியுங்கள், வீட்டுக் கணக்கை எழுதுங்கள். கட்டுரை கேட்டால் அந்தக் கணக்கிலிருந்து எழுதுங்கள். எழுதிக் கொடுக்கிறேன் என்று காசு கேட்டு எவனாவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.