நோயாளிக்குப் பணிவிடை செய்வதும் இபாதத்தே!

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்றாகும். நம் சமுதாயத்தில் இந்த நற்பழக்கம் இன்றும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஒருவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து, துஆச் செய்துவிட்டு வருகிறோம்.

பத்து நாள் காய்ச்சலுக்கு இது போதும். ஆனால் பக்கவாதத்தால் ஆண்டுக்கணக்கில் படுத்திருக்கும் வாப்பாவுக்கும், புற்றுநோய் முற்றி இனிக் குணப்படுத்த வழியில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட உம்மாவுக்கும் இது போதுமா? முதல் மாதம் வந்தவர்கள் ஆறாம் மாதம் வருவதில்லை. மலஜலம் எடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, இரவில் விழித்திருக்கும் வேலை அனைத்தும் கடைசியில் ஒருவர் தலையில் விழுகிறது. அவர் பெரும்பாலும் மனைவியாகவோ, மருமகளாகவோ, மகளாகவோ இருப்பார். இது பற்றி மார்க்கம் கூறுவதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பத்ரும் பணிவிடையும்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்படுகிறார்கள். அப்போது நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கி மனைவியைக் கவனிக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும், போர்ப்பொருளில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். ருகையா (ரலி) அவர்கள் அந்நோயிலேயே வஃபாத்தானார்கள்.

பிற்காலத்தில் ஒருவர், உஸ்மான் (ரலி) பத்ரில் கலந்துகொள்ளவில்லையே என்று குறை கூறியபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் இந்த நிகழ்ச்சியைச் சொல்லியே அவருக்குப் பதிலளித்தார்கள். இது புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. இஸ்லாத்தின் முதற்பெரும் போருக்கு ஈடாக ஒரு நோயாளியின் கட்டிலருகே இருப்பது எண்ணப்பட்டது என்றால், பணிவிடையின் தகுதிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

அகழ்ப் போரில் அம்பு தைத்த ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அருகிலிருந்து அடிக்கடி சென்று பார்ப்பதே அதன் நோக்கம். நோயாளியை நம் கண்ணுக்கு அப்பால் ஒதுக்கிவிடக் கூடாது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

ஒருவர் சுமையா?

நோயாளியைப் பேணுவது ஃபர்ளு கிஃபாயா. எவருமே செய்யாவிட்டால் அறிந்தும் இயன்றும் செய்யாத அனைவரும் குற்றவாளிகள். பெற்றோரைப் பொறுத்தவரை இக்கடமை மக்கள் மீதே நேராக வருகிறது. மாமனார், மாமியாருக்கு மருமகள் செய்யும் பணிவிடை ஷரீஅத் அவள் மீது சுமத்திய கடமையன்று. அது அவள் மனமுவந்து செய்யும் இஹ்ஸான். "வீட்டில் அவள் இருக்கிறாளே" என்று மகன் தன் கடமையைக் கழித்துவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவது நல்ல உதவிதான். ஆனால் அந்தப் பணத்தில் ஓர் ஆளை அமர்த்தி, அவளுக்கு இரவுத் தூக்கம் கிடைக்கச் செய்தால்தான் உதவி முழுமையடையும்.

பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத நோயாளியை விட்டு ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் வர இயலாதவருக்கு நம் இமாம்கள் விலக்கு அளித்திருக்கிறார்கள். வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம். அப்படிப்பட்டவரைப் பள்ளிக்கு வருவதில்லை என்று குறை பேசலாகாது.

நோயாளியின் தொழுகை

மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதுவும் முடியாதவர் மல்லாந்து படுத்துத் தலையால் ஜாடை செய்வார். தலையையும் அசைக்க இயலாதவர் கண்ணிமையால், பிறகு உள்ளத்தால் தொழுவார் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபி மத்ஹபில் அந்நிலையில் தொழுகை தள்ளிவைக்கப்படும்.

தண்ணீரால் நோய் மிகும் என்றால் தயம்மும் உண்டு. தலையில் காயம்பட்டிருந்த ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, சலுகை இல்லையென்று தோழர்கள் சொல்லிவிட, அவர் குளித்து இறந்தே போனார். நாயகம் (ஸல்) அவர்கள் அத்தோழர்களைக் கடிந்து, அறியாததைக் கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள் (அபூதாவூது). அல்லாஹ் தந்த சலுகையை நோயாளிக்கு மறுப்பது பேணுதல் அன்று.

சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர் வக்து வந்த பின் சுத்தம் செய்து ஒளுச் செய்து தொழ வேண்டும். ஒரு ஒளுவால் ஒரு ஃபர்ளு என்பது ஷாஃபிஈ. அந்த வக்து முடியும்வரை என்பது ஹனஃபி. குணமாகும் நம்பிக்கையற்றவருக்கு நோன்புக்குப் பகரம் ஃபித்யா. குணமாகக்கூடியவர் பின்னால் களாச் செய்வார்.

உடலும் வலியும்

தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட வேண்டும். இல்லையேல் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். விரிப்பு ஈரமின்றி, சுருக்கமின்றி இருக்கட்டும். சுத்தம் செய்யும்போது ஆணுக்கு ஆணும், பெண்ணுக்குப் பெண்ணும் செய்வதே முறை. கணவன் மனைவிக்குள் தடையில்லை. வேறு ஆளில்லாத நிர்ப்பந்தத்தில் தேவையான அளவுக்கு அனுமதியுண்டு; அப்போதும் திரையிட்டு அவர் மானத்தைக் காக்க வேண்டும்.

வலியைப் பொறுப்பதற்குக் கூலி உண்டு என்பதால் மருந்து தரக்கூடாது என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களே நாயகம் (ஸல்) அவர்கள். புற்றுநோயின் கடும் வலிக்கு மருத்துவர் அளவறிந்து தரும் மார்ஃபின், போதைக்காக உண்ணும் பொருளைப் போன்றதன்று. தேவைக்கு அது ஆகும். ஆனால் உயிரைப் போக்கும் எண்ணத்தோடு மருந்து தருவது கொலை. வலியைத் தணிப்பது வேறு, மரணத்தை வரவழைப்பது வேறு.

கோழிக்கோட்டில் 1993இல் இதற்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்துச் சாதாரண மக்களே பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று படுத்த நோயாளிகளைக் கவனிக்கும் முறை பரவிற்று. 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. நம் மஹல்லா ஜமாஅத்துகளால் இது முடியாதா? படுத்திருப்போரின் பட்டியல், வாரத்தில் இரண்டு மணி நேரம் தரும் பத்துப் பேர், இரவலாகத் தர ஒரு கட்டிலும் ஒரு காற்று மெத்தையும், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

இறுதி நாட்களில்

உண்ணவும் பருகவும் நோயாளியை வற்புறுத்த வேண்டாமென்று ஒரு ஹதீஸ் திர்மிதியில் வருகிறது. இறுதி நாட்களில் பசி குறைவது இயல்பு. வாயை நனைத்து, உதட்டைக் காயாமல் வைத்தால் போதும். கடன், அமானிதம், வஸிய்யத்து பற்றிப் பேச அவர் விரும்பினால் "அதெல்லாம் இப்போது எதற்கு?" என்று வாயை அடைக்காதீர்கள். வஸிய்யத்து மூன்றிலொரு பங்குக்கு மேற்படலாகாது. வாரிசுகளுக்கு அது இல்லை.

அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணத்தோடு மரணிக்க வேண்டும் என்பது நபிமொழி. ஆகவே அவரிடம் வேதனையைப் பேசி அச்சுறுத்தாமல், ரஹ்மத்தைப் பேசுங்கள். அவர் செய்த நற்செயல்களை நினைவூட்டுங்கள். சக்கராத்து வேளையில் அருகிலிருந்து கலிமாவை மெல்லச் சொல்லுங்கள். "சொல், சொல்" என்று நெருக்காதீர்கள். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால், வேறு பேச்சுப் பேசினாலன்றி மீண்டும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சகோதர சகோதரிகளே! அடுத்த முறை நீண்டநாள் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகும்போது, துஆச் செய்த பின் அவரைக் கவனிப்பவரின் பக்கம் திரும்பி, "நான் இரண்டு மணி நேரம் இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள்" என்று சொல்லுங்கள். பழப் பையைவிட அந்த வீட்டுக்கு அதுவே தேவை.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும் நிறைந்த கூலியையும், நம் அனைவருக்கும் ஈமானோடு கூடிய முடிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.