எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்!

நாற்பதைக் கடந்த சகோதரர்களில் பலர், எடை தூக்குவது வாலிபர்களின் வேலை என்று எண்ணி விடுகின்றனர். (நாற்பதை எட்டாத நான் இதைச் சொல்வதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்க!) முப்பதுக்குப் பின்னர் தசைகள் மெல்ல மெல்லக் குறைகின்றன. ஸஜ்தாவிலிருந்து எழும்போது பலர் சிரமப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாரத்தில் 2 நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

ஆனால், இருபதில் தூக்கிய எடையை நினைத்துக்கொண்டு நாற்பத்தைந்தில் தொடங்குவது அறியாமை. சற்று நேரம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, 10, 12 முறை சிரமமின்றித் தூக்கக்கூடிய எடையில் தொடங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாரம் தூக்குகையில் மூச்சை அடக்கிப் பல்லைக் கடிப்பது நம்மவர் வழக்கம். அரிசி மூட்டையைத் தூக்கும்போதும் இப்படித்தான் செய்கிறோம். மூச்சை அடக்கினால் நெஞ்சினுள் அழுத்தம் ஏறி, இரத்த அழுத்தமும் அக்கணமே வெகுவாக உயர்கிறது. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சு அடைபடாது.

இரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால், 'இன்னும் இரண்டு முறைதானே' என்று வீம்பு பிடிக்காமல் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.