சத்துணவிலிருந்து சமச்சீர் உணவுக்கு

நுழையும்முன்

பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலேயே சோறிட்ட பெருமை நம் மாநிலத்திற்கு உண்டு. அதே பள்ளி இன்று உடற்பருமனையும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. வயிற்றை நிரப்புதல் வேறு, உடலுக்கு ஊட்டமளித்தல் வேறு என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பசியோடு இருக்கும் குழந்தையின் செவியில் பாடம் ஏறாது. இதனை உணர்ந்த பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவு வழங்க வழிசெய்தார். காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் பரவச் செய்தார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது.

இவையாவும் மெலிந்த உடலை மனத்திற்கொண்டு பிறந்த திட்டங்கள். இன்றைய நிலையோ வேறு. உலகில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோருள் உடற்பருமன் உடையோர் 9.4 விழுக்காட்டினர், எடைகுறைந்தோர் 9.2 விழுக்காட்டினர் என யுனிசெஃப் 2025ஆம் ஆண்டு அறிவித்தது. பருமன் மெலிவை முந்தியது அதுவே முதன்முறை. ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவருள் ஒருவர் மெலிந்தும் மற்றவர் பருத்தும் இருக்கலாம். இருவருக்குமே இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கவும் கூடும். கொழுகொழுவென்றிருப்பதே நலம் என்னும் நம் வீட்டுப் பெரியோரின் எண்ணம் இங்கே தடுமாறுகிறது.

முட்டை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு எனப் புரதத்திற்கு இடமளித்தது சத்துணவின் சிறப்பு. முட்டை உண்ணாதோர்க்கு வாழைப்பழம் தரப்படுகிறது. ஆனால், இத்திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் சத்துணவுத் தட்டு விலகிக் கையில் சில்லறை சேர்கிறது. பள்ளி வாயிலுக்கு எதிரேயே கடையும் இருக்கிறது. உணவைத் தாமே தெரிவு செய்யும் பருவம் இப்படித்தான் தொடங்குகிறது.

அக்கடையில் வாங்கும் குளிர்பானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 மில்லி லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று அதன் புட்டியில் அச்சிடப்பட்டிருப்பின், 300 மில்லி லிட்டரில் 30 கிராம் உண்டு. ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. உணவிற் சேர்க்கப்படும் சர்க்கரை, நாள்தோறும் பெறும் ஆற்றலில் பத்து விழுக்காட்டிற்குள் இருத்தல் வேண்டும். ஐந்து விழுக்காட்டிற்குள் அடங்குவது இன்னும் நன்று என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. 2000 கலோரி உண்பவர்க்கு அந்த ஐந்து விழுக்காடு 25 கிராமே. ஒரே புட்டி அவ்வெல்லையைக் கடந்துவிடுகிறது!

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவிற்குள்ளும் விற்பதைத் தடைசெய்கின்றன. ஐம்பது மீட்டரைத் தாண்டி நடக்க ஒரு மணித்துளி போதும் என்பதையும் நாம் அறிவோம். எனவே, விதியோடு சுவைப்பழக்கமும் மாற வேண்டியுள்ளது. சுண்டலும் வேர்க்கடலையும் மோரும் பள்ளிச் சிற்றுண்டிக்கடையில் எளிதாகக் கிடைத்தால் பாதி வழக்கு தீரும்.

மீதிப் பாதி விளையாட்டுத் திடலில் இருக்கிறது. 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 மணித்துளிகள் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். தேர்வு நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கிற்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அக்கடனைத் திருப்பித் தந்ததாகத்தான் தெரியவில்லை.

உயரமும் எடையும் அளக்கும் முறையிலும் கருத்து வேண்டும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண் கிடைக்கும். வளரும் பருவத்தினர்க்கு அதனை வயதையும் பாலினத்தையும் சார்ந்த அட்டவணையோடு ஒப்பிட்டே முடிவுசெய்வர். அவ்வெண்ணை வகுப்பில் உரக்கப் படிப்பதும், அதனையே பட்டப்பெயராக்கிக் கேலி செய்வதும் மாணவரைத் திடலிலிருந்து விரட்டுமேயன்றி எடையைக் குறைக்கா. அஞ்சிப் பட்டினி கிடப்பதும் தீங்கே. உயரம் கூடும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே பலருக்குக் குறியீட்டெண் படிப்படியாக இறங்கிவிடும்.