விண்வெளிப் பயணமும் கொந்தராத்துக் கணக்கும்

மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் வேலையை அரசாங்கம் செய்ய வேண்டுமா, தனியார் செய்ய வேண்டுமா என்று பலரும் வாதிடுகின்றனர். வியாபாரி என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. நட்டம் வந்தால் அது யாருடைய கணக்கில் எழுதப்படும்?

கடை கட்டியோர் இதனை நன்கறிவர். மேசனை நாட்கூலிக்கு வைத்தால், வேலை இழுபடும் ஒவ்வொரு நாளுக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். மொத்தக் கொந்தராத்தாகக் கொடுத்தால் தாமதத்தின் நட்டம் கொந்தராத்துக்காரருடையது.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் நெடுங்காலமாக முதலாவது முறையையே பெரிதும் பின்பற்றியது. சந்திரனுக்குச் சென்ற அப்பலோ கலங்களைச் செய்ததும் தனியார் கம்பனிகளே. ஆனால் ஆன செலவைக் கொடுத்து, அதற்கு மேல் இலாபத்தையும் கொடுத்தது அரசாங்கம். இதைக் குறை கூற முடியாது. முன்பு எவரும் செய்திராத வேலைக்கு எந்தக் கம்பனி விலை சொல்லும்?

2011 இல் ஷட்டில் ஓடங்கள் ஓய்வு பெற்றன. அதன்பின் அமெரிக்க வீரர்கள் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஆசனம் வாங்கியே சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றனர். 2014 செப்டெம்பரில் நாசா இரண்டு கம்பனிகளுடன் நிலையான விலைக்கு ஒப்பந்தம் செய்தது. போயிங்குக்கு 4.2 பில்லியன் டொலர் வரை, ஸ்பேஸ் எக்ஸுக்கு 2.6 பில்லியன் டொலர் வரை. கட்டம் கட்டமாக வேலை முடிந்தால்தான் பணம்.

குறைந்த விலை சொன்ன ஸ்பேஸ் எக்ஸ், 2020 மே மாதம் இரு வீரர்களை ஏற்றிச் சென்றது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில்தான் வீரர்களுடன் புறப்பட்டது. வழியில் ஹீலியம் வாயு கசிந்தது, சிறு உந்துகருவிகளும் கோளாறாகின. கலம் ஆளில்லாமல் திரும்பியது. சுமார் எட்டு நாட்களுக்கெனச் சென்ற இருவரும் ஒன்பது மாதங்களின் பின், 2025 மார்ச்சில், ஸ்பேஸ் எக்ஸ் கலத்திலேயே பூமிக்கு வந்தனர். இத்திட்டத்தில் போயிங்கின் நட்டம் 2 பில்லியன் டொலரைத் தாண்டியது. அதைச் சுமந்தது கம்பனியே.

இப்பயணங்களை வாங்கியதும் வரிப்பணம்தான் என்பதைக் கவனியுங்கள். காசு கொடுப்பவர் மாறவில்லை. நட்டத்தைச் சுமப்பவரே மாறினார். அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. நிலையான விலை எழுதிய பின்னரும் போயிங்குக்கு மேலதிகமாக 287 மில்லியன் டொலர் கொடுக்க நாசா இணங்கியதை, அதன் கண்காணிப்பு அலுவலகம் 2019 இல் கண்டித்தது. பேசிய விலையில் வாங்குபவர் உறுதியாக நிற்காவிட்டால் கொந்தராத்தும் நாட்கூலியாகிவிடும்.

நாம் படிக்க வேண்டியவை மூன்று:

1. செய்ய வேண்டிய வேலை தெளிவாகத் தெரிந்தால் மொத்த விலை பேசுங்கள். எவரும் செய்திராத வேலைக்குச் செலவுக் கணக்கே நியாயம்.

2. முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

3. முக்கியமான பொருளுக்கு ஒருவரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இரண்டாவது கம்பனி இருந்தபடியால்தான் அவ்விருவரும் மற்றொரு நாட்டின் கலத்துக்குக் காத்திராமல் வீடு திரும்பினர்.