இழுவண்டியிலிருந்து படகை இறக்குதல்

சஹ்யாத்திரி மலைத்தொடருக்குக் கிழக்கே, கடலினின்று விலகி அமைந்த புனே நகரில் படகுகளுக்குக் குறைவில்லை. முளா ஆற்றங்கரையில் பொறியியற் கல்லூரியின் படகுக் கழகம் 1928-ஆம் ஆண்டில் தோன்றியது. நகரின் தென்மேற்கே, கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் பீகாக் பே என்னும் துறையில், 1955-இல் திறந்து வைக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் மாணவர்கள் பாய்மரப் படகோட்டப் பயில்கின்றனர். கடலிலிருந்து இவ்வூருக்குப் படகு மிதந்து வர வழியில்லை. டிரெயிலர் எனப்படும் இழுவண்டியில் ஏறிச் சாலை வழியாகவே வரவேண்டும். பழுதுபார்க்கும் காலத்தில் அவ்வண்டியிலிருந்து அதனை இறக்கியாக வேண்டும். வண்டியின் குறுக்குச் சட்டங்கள் தாங்கி மறைத்திருக்கும் இடங்களில் ஈரம் தங்குவதால், பலகை இற்றுப்போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவையும் அவ்விடங்களே.

ஒருவர் செலுத்தும் பந்தயத் துடுப்புப் படகு 14 கிலோகிராம் எடையே இருக்கக்கூடும். தோளில் சுமந்து செல்லலாம். பாய்மரப் போட்டிகளுக்குரிய எண்டர்பிரைஸ் படகின் உடல் 4.04 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 90 கிலோகிராம் எடையும் உடையது. நால்வர் கூடித் தூக்கினால் இறக்கிவிடலாம். பல நூறு கிலோகிராம் எடையுள்ள படகுகளிலேதான் விபத்து காத்திருக்கிறது.

மாட்டுவண்டி ஓட்டுவோர் முன்பாரம், பின்பாரம் என்று பேசுவதை யாவரும் கேட்டிருப்பர். பாரம் அச்சுக்குப் பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழும். இழுவண்டிக்கும் விதி அதுவே. 900 கிலோகிராம் எடையுள்ள ஒரு படகின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 செண்டிமீட்டர் முன்னே இருப்பதாகக் கொள்வோம். ஏர்க்காலின் நுனி அச்சிலிருந்து 4.5 மீட்டர் தொலைவிலுள்ளது. வண்டியின் சொந்த எடையைக் கணக்கிற் சேர்க்காவிடில், நுனியில் அழுந்தும் பாரம் 900 × 0.3 ÷ 4.5, அதாவது 60 கிலோகிராம். படகு 30 செண்டிமீட்டர் பின்னே நகர்ந்தால் இப்பாரம் முற்றும் நீங்கிவிடும். அதற்குமேல் சிறிது நகர்ந்தாலும் ஏர்க்கால் துள்ளி எழும்; குனிந்து நிற்பவரின் தாடையையோ மார்பையோ அது தாக்கும்.

மழைக்காலத்தில் மூடாமல் விடப்பட்ட படகில் இவ்வபாயம் கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது. 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள அடித்தளத்தில் 10 செண்டிமீட்டர் நீர் நின்றால் அதன் எடை 360 கிலோகிராம். வடிகால் துளை பெரும்பாலும் படகின் பின்முனையில் இருப்பதால், நீரை வெளியேற்ற எண்ணுவோர் வண்டியை இழுக்கும் வாகனத்திலிருந்து கழற்றி ஏர்க்காலை உயர்த்துவர். உயர்த்தியவுடன் நீர் பின்னோக்கிப் பாயும். அதன் எடை அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னே குவியுமாயின் திருப்புத்திறன் 432 கிலோகிராம்-மீட்டர். எதிர்நிற்கும் படகின் திருப்புத்திறனோ 270 மட்டுமே. விளைவு சொல்லாமலே விளங்கும். ஆதலால் வண்டி வாகனத்துடன் பிணைந்திருக்கும்போதே தக்கையைப் பிடுங்கி நீரை வடித்துவிட வேண்டும். எஞ்சியதை வாளியால் இறைக்கலாம்.

பின்னர் சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை இடுக. பாய்மரம், சுக்கான், நங்கூரம் முதலியவற்றை இறக்கியபின், வண்டியைவிட நீளமான இரண்டு உறுதியான உத்திரங்களைப் படகின் அடியில் குறுக்காகச் செலுத்த வேண்டும். நீளம் என்றது இங்கு வண்டியின் அகலத்தைக் கருதியே. உத்திரங்களின் முனைகள் சக்கரங்களுக்கு வெளியே, இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிய மரக்கட்டைகளின் மேல் நிற்கும். உள்ளீடற்ற சிமெண்டுக் கற்களை அடுக்குவது பெருந்தவறு. மரம் நசுங்குமுன் முனகும். அக்கற்கள் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

ஜாக்கியால் முதலில் பின்முனையையே உயர்த்துக. முன்முனையை முதலில் எடுத்தால் எஞ்சிய பாரம் அச்சுக்குப் பின்னே சாய்ந்து பின்பாரமாகிவிடும். ஜாக்கி படகின் அடிமுதுகான ஏராவின்கீழ், தடித்த பலகையின் மேல் அழுந்த வேண்டும். வெறும் பக்கப் பலகையில் அழுந்தினால் துளைத்துவிடும். ஒரு முறைக்கு 5 செண்டிமீட்டருக்கு மேல் உயர்த்தாமல், உயர்த்திய அளவுக்குக் கட்டை அடுக்கிக்கொண்டே செல்க. உத்திரம் சக்கரத் தகடுகளைத் தாண்டிய உயரத்தை எய்தியதும், முட்டுக்கட்டைகளை நீக்கி வண்டியை மெல்ல முன்னோக்கி இழுத்துவிடலாம். படகு நகர்வதில்லை, வண்டியே அதன் அடியிலிருந்து விலகுகிறது.

அதன்பின் படகை அதே முறையில் தாழ்த்தி, ஏராவின் நெடுக வைத்த கட்டைகளில் அமர்த்துக. நீரில் எங்கும் பரவித் தாங்கப்பட்ட உடல், இரண்டே இடங்களில் நெடுநாள் கிடந்தால் வளைந்துவிடும். பக்க முட்டுகள் விலாச்சட்டங்களுக்கு நேராக நின்று, சாயாமல் காப்பதற்கு மட்டுமே உரியவை. எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலியால் பிணைக்க வேண்டும். மேலே கட்டும் கித்தானை இம்முட்டுகளிற் கட்டலாகாது; காற்று அதனை இழுக்கும்போது முட்டும் உடன் பெயரும். மரப்படகாயின் கோடை வெயிலில் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். ஆகவே நிழலிலேயே வைத்திருப்பது நன்று. முட்டுகள் யாவும் நின்று, இறுக்கமும் சோதிக்கப்பட்ட பின்னரே எவரும் அதன் அடியிற் செல்லலாம்.