பேத்தை மீன் வளர்ப்போர் அறிய வேண்டியவை

தூத்துக்குடி மில்லர்புரம் போன்ற கடலோர ஊர்களில், கண்ணாடித் தொட்டியில் பேத்தை மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் நீரைக் கவனித்தல் வேண்டும். முகத்துவாரத்துப் பேத்தைக்கு மிதமான உவர்நீரே ஏற்றது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புண்டு. அதில் ஒரு பங்குடன் குளோரின் கலவாத நன்னீர் மூன்று பங்கு சேர்த்தால் சுமார் 9 கிராமாகும். உப்பளத்து உப்பைக் கரைத்து விடுதல் போதாது. உப்பு விளையும்போதே சுண்ணாம்புச் சத்து முதலியன பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன.

இம்மீனின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வன. ஆகையால் நத்தை, சிறு நண்டு ஆகியவற்றை ஓட்டுடன் அளித்தல் அவசியம். இன்றேல் பற்கள் நீண்டு, இரை கொள்ள இயலாமல் மீன் மடியும். அது உடலை உப்பச் செய்வது அச்சத்தினாலேயாம், வேடிக்கைக்காகச் சீண்டலாகாது.

இதனை ஒருபோதும் உண்ணலாகாது. ஈரல், சினை, தோல் ஆகியவற்றிலுள்ள விஷம் சமைப்பதால் அழியாது. மாற்று மருந்தும் இல்லை. 1774-இல் மாலுமி ஜேம்ஸ் குக் ஈரலைச் சிறிதளவே உண்டு கைகால் மரத்து வருந்தினார். உதடு மரத்தல் முதற்குறி. பின்னர் மூச்சே தடைப்படும். தாமதமின்றி மருத்துவமனையில் சேர்த்துச் செயற்கைச் சுவாசம் அளித்தலே உயிர் காக்கும். இச்செய்தியைக் கிராம அதிகாரிகள் யாவருக்கும் அறிவித்தல் நலம். இறந்த மீனைக் கோழி, பூனைகளுக்கு எட்டாதவாறு ஆழப் புதைத்தல் வேண்டும்.